கல்லில் செதுக்க முடியாததால் இந்த மடல்

பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழக நூலகத்தில் எனக்குக் கைகொடுத்த எல்லோருக்கும், வேம்பாரில் இருந்தபடியே கைகொடுத்தவர்களுக்கும்,

வணக்கம்.

ஆய்வேட்டின் தொடக்கத்தில் நன்றியுரைக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தேன். நெறியாளர், தேர்வுக் குழுவினர், உதவித்தொகை தந்தவர்கள் என்று வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. அந்த ஏடு உண்மையில் யார் யாரால் முடிந்ததோ, அவர்களைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. நூலகக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர் கவுண்டர் அண்ணன், பக்கங்களை ஸ்கேன் செய்து தந்தவர் ஸ்கேன் அக்கா என்று மனதுக்குள் நானே பெயர் வைத்திருந்தேன். அதனால் இதைப் பொதுவில் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் கவுண்டர் அண்ணனுக்கு எப்படிப் புரியும் என்று கேட்காதீர்கள். வாசித்துச் சொல்ல லூவேனில் தமிழ்ச் சாமியார்கள் நிறைய இருக்கிறார்கள்.

என் அம்மாவின் ஊர், தூத்துக்குடிக் கடற்கரையில் இருக்கும் வேம்பார். அங்கிருந்து 1548 அக்டோபர் 31 அன்று ஒரு கடிதம் போயிருக்கிறது. எழுதியவர் என்றிக்கே என்றிக்கஸ் அடிகள், போர்த்துக்கல்லிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி. யாருக்கு என்றால், அந்தச் சபையைத் தொடங்கி ரோமில் இருந்த இஞ்ஞாசியாருக்கு. தமிழ் கற்க ஒரு மாதிரி இலக்கணம் செய்திருக்கிறேன், வினைகளைக் காலம் மாற்றியும் பெயர்களை வேற்றுமை ஏற்றியும் பார்த்துவிட்டேன் என்று அதில் சொல்கிறார். முப்பது ஆண்டு கழித்து, 1578-இல், கொல்லத்தில் அச்சான 16 பக்கத் தமிழ் மறைக்கல்வி நூல் 'தம்பிரான் வணக்கம்' இவர் மொழிபெயர்த்ததுதான். அந்தப் புத்தகத்தைப் பற்றி நம் ஊரில் எல்லோரும் மேடையில் பேசுகிறோம். ஆனால் அம்மாவின் ஊர்ப் பெயரைத் தலையில் தாங்கிய அந்தக் கடிதத்தை நான் முதலில் பார்த்தது பெல்ஜியத்தில். மவுரிட்ஸ் சாபே நூலகத்தில், 'தோக்குமெந்தா இந்திகா' என்ற 18 தொகுதி வரிசையின் முதல் புத்தகத்தில். யோசேப் விக்கி என்ற இயேசு சபையார் 1948 முதல் 1988 வரை உட்கார்ந்து பதிப்பித்த வரிசை அது. முன்னுரையும் குறிப்பும் லத்தீன். கடிதங்கள் பெரும்பாலும் போர்த்துக்கீசியமும் ஸ்பானியமும். எனக்கு மூன்றும் தெரியாது. 'பெம்பார்' என்ற ஒரு சொல் மட்டும் தெரிந்தது. வேம்பார்தான் அது. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அந்த நாள் நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர்தான் கவுண்டர் அண்ணன். உள்ளே தண்ணீர் அனுமதி இல்லை என்பது விதி. அவரே விதியை மீறினார், பிறகு எனக்கே அதைப் படித்தும் காட்டினார்.

இந்த நூலகத்தைப் பற்றி ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மவுரிட்ஸ் சாபே என்பது இறையியல் புலத்தின் நூலகம். பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதியான பிளாண்டர்ஸில் ஆள் குறைந்து மூடிய மடங்களின் புத்தகங்களெல்லாம் வந்து ஒதுங்கிய கரை என்றே சொல்லலாம். இயேசு சபையினரின் பெரிய சேகரமும் அங்கேதான் இருக்கிறது. மைய நூலகம் வேறு கட்டடம், லதேசே சதுக்கத்தில். ஊசியில் குத்தி மல்லாக்க நிறுத்திய பச்சை வண்டு ஒன்றை, 23 மீட்டர் உயரத்தில், அதன் முன்னால் சிலையாக வைத்திருக்கிறார்கள். அது ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விளக்கிய மூன்று பேருக்கும் நன்றி.

பல்கலைக்கழகம் 1425-இல் தொடங்கியது. அதன் நூலகத்தை 1914 ஆகஸ்ட் 25 இரவு ஜெர்மன் படை கொளுத்தியது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் பழைய கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. யாழ்ப்பாண நூலகத்தை நினைக்காமல் இதைப் படிக்க நம்மால் முடியாது. அப்புறம் உலகம் திரண்டு கொடுத்தது. மான்செஸ்டரில் ஜான் ரைலண்ட்ஸ் நூலகம் முன்னின்று 55,000 புத்தகங்களுக்கு மேல் சேர்த்து அனுப்பியது. எரிந்ததற்கு ஈடாக ஜெர்மனி நூல்கள் தர வேண்டும் என்று முதல் உலகப் போரை முடித்த வெர்சாய் உடன்படிக்கையின் 247-ஆம் பிரிவே சொன்னது. அமெரிக்கப் பணத்தில் புதுக் கட்டடம் எழுந்து 1928 ஜூலை 4 அன்று திறந்தார்கள். கோபுரத்தில் அப்போது 48 மணிகள், அமெரிக்காவின் அன்றைய 48 மாநிலங்களுக்கு ஒன்று வீதம். காசு கொடுத்த பள்ளி, கல்லூரிகளின் பெயர்களைச் சுவர்க் கற்களிலேயே வெட்டியிருக்கிறார்கள். நான் சாப்பாட்டு வேளையில் அந்தக் கற்களைத்தான் வாசித்துக்கொண்டிருப்பேன். ஒரு கட்டடமே நன்றி மடலாக நிற்பதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அதில் ஒரு தகராறும் உண்டு. கட்டடக் கலைஞர் விட்னி வாரன், மாடத்துக் கைப்பிடிச் சுவரில் லத்தீனில் ஒரு வாசகம் வைக்க நினைத்தார்: டியூட்டானிய (அதாவது ஜெர்மானிய) வெறியால் இடிந்தது, அமெரிக்கக் கொடையால் எழுந்தது. பல்கலைக்கழகத் தலைவர் லதேசே மறுத்துவிட்டார். போர் முடிந்து பத்து ஆண்டு ஆகிறது, பகையை ஏன் கல்லில் ஏற்ற வேண்டும் என்பது அவர் பக்கம். ஊர் இரண்டுபட்டது; கைப்பிடிச் சுவர் உடைபட்டது. கடைசியில் எழுத்தில்லாத சுவர்தான் நின்றது. 1940 மே மாதம் மறுபடி ஜெர்மன் படை வந்தது, மறுபடி எரிந்தது, இந்த முறை 9 லட்சம் நூல்கள். அப்படியானால் வாரன் சொன்னதுதான் சரியோ என்று ஒரு மதியம் முழுக்க யோசித்தேன். இல்லை, எனக்கு லதேசே பக்கம்தான் பிடித்திருக்கிறது. நன்றி சொல்லும் இடத்தில் திட்டக்கூடாது. ஆகவே, ஒரே ஒரு படி எடுக்க என்னை 11 மாதம் காக்க வைத்து, கடைசியில் விண்ணப்பத்தையே தொலைத்துவிட்ட ஓர் ஆவணக் காப்பகத்தின் பெயரை நானும் இங்கே வெட்டப் போவதில்லை.

அந்தப் படியை வேறு வழியில் பெற்றுத் தந்தவர் நூலகங்களுக்கிடை இரவல் பிரிவில் இருந்த அம்மா. இது லூவேனில் இல்லை, பக்கத்து நாட்டில் ஒரு மடத்தில் இருக்கிறது என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். நான் தேடும்போது 'லிமோ' என்ற தேடுபொறியில் ஒரே எழுத்துக்கூட்டலைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து, 'என்றிக்கஸ்' என்ற பெயரை ஐந்து விதமாக எழுதிக் காட்டி, ஐந்தையும் போடு என்றார். வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்தையும் போடுங்கள். 'இன்டெக்ஸ் ரிலிஜியோசுஸ்' என்ற கட்டுரைத் தரவுத்தளத்தைக் காட்டியவரும் அவரே. இறையியலிலும் திருச்சபை வரலாற்றிலும் எந்த இதழில் எது வந்தது என்று அதில் தேடலாம்.

அதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். 1968-இல் டச்சு மொழியினர், பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சு மொழிப் பிரிவு லூவேனை விட்டுப் போகட்டும் என்று தெருவில் இறங்கினார்கள். அரசாங்கமே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டானது, பிரெஞ்சுப் பிரிவு லூவேன்-லா-நேவ் என்று புது ஊர் கட்டிக்கொண்டு போனது. புத்தகங்களையும் பாகம் பிரித்தார்கள், அடுக்கு எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து. 1965-ஐக் கதை கதையாகக் கேட்டு வளர்ந்த நமக்கு மொழிச் சண்டை புரியும். தொகுதி ஒன்று இங்கே, இரண்டு அங்கே என்பதுதான் வயிற்றைக் கலக்கும். ஆனால் பாருங்கள், அந்தத் தரவுத்தளத்தை இன்றைக்கு இரண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்தே தொகுக்கின்றன.

ஸ்கேன் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? 2020 மார்ச்சில் எல்லாம் பூட்டியாயிற்று. நான் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள். மின்னஞ்சலில் பக்க எண் அனுப்பினால், வாரத்தில் குறிப்பிட்ட நாளில் யாரோ ஒருவர் உள்ளே போய் எடுத்து அனுப்புவார். சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும், ஓர் அத்தியாயம், ஒரு கட்டுரை. ஒரு முறை படத்தின் ஓரத்தில் கையுறை போட்ட ஒரு பெருவிரல் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. அந்த நான்கு மாதங்களில் நான் பார்த்த ஒரே மனித விரல் அது.

போர்த்துக்கீசியம் கற்றுத் தந்த பிரேசில் தோழிக்குத் தனியாகக் கடிதம் எழுதியாயிற்று. விரிவாக எழுதினால் அழுவாள்.

ஊர்ப் பக்கம் வருகிறேன். கடிதங்களில் 'பதங்கத்தின்' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. லத்தீன் அடிக்குறிப்புப் பக்கம் போக எனக்கு அப்போது துணிவு இல்லை. இரண்டு நாள் அகராதியைப் புரட்டிவிட்டு, ஆற்றாமையில் வேம்பார் மாமாவுக்குப் போன் போட்டேன். "ஏளா, பட்டங்கட்டிதான? நம்ம ஊர்த் தலைவரச் சொல்லுதான்" என்றார் மாமா, வலை பின்னிக்கொண்டே. அதன் பிறகு சந்தேகம் வந்தால் முதலில் மாமா, பிறகுதான் அகராதி. 'புனிக்காலே' புன்னைக்காயல், 'மனப்பார்' மணப்பாடு என்று வாசித்துக் காட்டக் காட்ட, அந்தந்த ஊரில் யார் வீட்டில் யாரைக் கட்டிக் கொடுத்தது என்பது வரை போய்விடுவார். அந்தச் செய்திகளை ஆய்வேட்டில் சேர்க்கவில்லை, மன்னிக்கணும் மாமா.

ஏடு இப்போது பல்கலைக்கழகத்தின் 'லிரியாஸ்' இணையக் களஞ்சியத்தில் இருக்கிறது. ஒரு அச்சுப் படி சாபே நூலகத்துக்குக் கொடுத்தேன், இன்னொன்று வேம்பார் பங்குக் கோயிலுக்கு. இரண்டிலும் அதே கடிதம் பின்னிணைப்பில், தமிழில்.

அப்புறம், கவுண்டர் அண்ணா, பழைய நூல்களுக்குப் பக்கத்தில் பேனா கூடாது என்று முதல் வாரம் நீங்கள் கொடுத்த பென்சில் என்னிடமே வந்துவிட்டது. அரை விரல் நீளம்தான் மிச்சம். சுவாமி ஒருவர் அடுத்த மாதம் அங்கே வருகிறார், கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
வேம்பார்க்காரியின் மகள்