பழைய தாள்களைப் பிரித்துத் தருவது பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பதிப்பகங்களின் விலைப்பட்டியல், போட்டி அறிவிப்பு, சுற்றறிக்கையின் கூடுதல் பிரதிகள் என்று பள்ளி அலுவலகத்துக்குத் தினமும் தபால் வந்து குவிகிறது. வகுப்பறைகளில் தீர்ந்துபோன நோட்டும் பழைய வினாத்தாளும் சேர்கின்றன. இந்த மாதத்திலிருந்து இவற்றைக் குப்பையில் கொட்டாமல், தரம் பிரித்து எடைக்குப் போடப்போகிறோம். வீட்டில் சேரும் தாள்களையும் நீங்கள் கொடுத்தனுப்பலாம்.

மாடிப்படி அருகில் மூன்று அட்டைப்பெட்டிகள் இருக்கும். ஒருபக்கம் மட்டும் அச்சான தாள்கள் முதல் பெட்டிக்கு. இவை எடைக்குப் போகாது. நாற்பது தாளை அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு, நூல் கோத்தால் ஒரு ரஃப் நோட்டு. 500 தாள் உள்ள ஏ4 கட்டு (75 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 75 கிராம் எடையுள்ள தாள்) சுமார் 2.3 கிலோ இருக்கும். அதில் பன்னிரண்டு நோட்டு தேறும். இருபக்கமும் எழுதிய வெள்ளைத் தாள் இரண்டாம் பெட்டிக்கு. செய்தித்தாள், வண்ண நோட்டீஸ், அட்டை மூன்றாவதற்கு. வெள்ளைத் தாளோடு பழுப்பு அட்டை கலந்துவிட்டால் மொத்தக் கட்டும் கலப்புத் தாள் விலைக்குத்தான் போகும்.

தபால் உறையில்தான் கவனம் அதிகம் வேண்டும். முகவரி தெரிவதற்காக ஒட்டிய கண்ணாடித்தாளைக் கிழித்தெடுங்கள். செலோ டேப் ஒட்டிய பட்டையைக் கத்தரித்து விடுங்கள். ஸ்டேப்ளர் பின் இருந்தால் பரவாயில்லை, பழைய தாள் போய்ச்சேரும் காகித ஆலையில் அதைப் பிரித்தெடுக்க வழி இருக்கிறது. டேப் அப்படியல்ல. தாளைத் தண்ணீரில் கடைந்து கூழாக்கும்போது அதன் பசை பொடிப்பொடியாகிச் சல்லடைக்குத் தப்பிவிடுகிறது. பிறகு சூடான உருளைகளில் ஒட்டிக்கொண்டு புதுத் தாளில் ஓட்டை போடுகிறது, சில சமயம் ஓடும் தாளையே அறுத்துவிடுகிறது. உள்ளே குமிழி பிளாஸ்டிக் வைத்த கூரியர் உறை வேண்டவே வேண்டாம். கெட்டியான பழுப்பு உறையை ஓரம் பிரித்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டினால் இன்னொரு தபாலுக்கு ஆகும்.

ஏடிஎம் சீட்டும் கடை பில்லும் வெப்பத்தில் அச்சாகும் ரசாயனம் பூசிய தாள்கள்; அவற்றை அனுப்ப வேண்டாம். உட்புறம் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், லேமினேட் செய்தவை, கார்பன் தாள், ஜிகினா ஒட்டிய கல்யாணப் பத்திரிகை ஆகியவையும் கூடாது.

எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது வடை மடித்த தாளும் ஒழுகும் தண்ணீர் பாட்டிலும்தான். தாளின் நாரில் ஊறிய எண்ணெய் தண்ணீரில் பிரிவதில்லை. ஈரம் பட்ட கட்டு சில நாளில் பூஞ்சணம் பிடித்து, பக்கத்துக் கட்டையும் கெடுக்கும். ஆகவே பெட்டிகளைச் சாப்பிடும் இடத்திலிருந்து தள்ளி, தரையில் படாமல் பலகைமேல் வைக்கிறோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடைமழை நாட்களில் தாளை வீட்டிலேயே உலர வைத்திருங்கள். பரணில் கிடந்ததை உதறிவிட்டு அனுப்புங்கள், இராமபாணப் பூச்சி இருக்கும்.

ஆதார் நகல், வங்கிக் கடிதம், மருத்துவச் சீட்டு எதையும் முதல் பெட்டியில் போடாதீர்கள். ரஃப் நோட்டில் வேறு பிள்ளைகள் கைக்குப் போய்விடும். பெயரும் எண்ணும் உள்ள பகுதியைக் கிழித்து வீட்டிலேயே அழித்துவிட்டு மீதியைத் தாருங்கள். தாள் முழுவதையும் எந்திரத்தில் பொடியாக நறுக்கினால் நார் குட்டையாகிவிடும். ஒவ்வொரு மறுசுழற்சியிலும் நார் நைந்துகொண்டே வருவதால், நீளமான நாருக்குத்தான் ஆலையில் மதிப்பு. கரும்புச் சக்கையில் காகிதம் செய்வதற்குப் பெயர்பெற்ற, புகழூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்திலேகூட கழிவுத்தாளின் மையை நீக்கிக் கூழாக்கும் பிரிவு இருக்கிறது.

பள்ளிப் பதிவேடுகளையும் விடைத்தாள்களையும் குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வேண்டும் என்பதால் அலுவலகத் தாள்களை ஆசிரியர்களே பிரிப்பார்கள். பிள்ளைகள் அங்கிருந்து எதையும் எடுக்க வேண்டாம்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் முன்னிலையில் எடை போடப்படும். எடையும் தொகையும் அன்றே அறிவிப்புப் பலகையில் எழுதப்படும். அந்தப் பணத்தில் நூலகத்துக்குப் புத்தகம் வாங்குவோம். சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கிலோவுக்கு மேல் கொடுத்தனுப்பாதீர்கள், புத்தகப்பையே கனம். பெரிய கட்டு இருந்தால் சணல் கயிற்றில் கட்டி நீங்களே கொண்டுவந்து தாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்