எங்கள் முன்கதைகளைப் படியுங்கள்: டன்ஜன் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் எங்கள் குழுவின் அமைப்பாளர்களுக்கும், கதை சொல்லி ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் தொடங்கவிருக்கும் கேம்பெய்னுக்கு, அதாவது பல செஷன்களாக நீளும் தொடர் ஆட்டத்துக்கு, ஒவ்வொருவரும் தம் கதாபாத்திரத்தின் முன்கதையை 1,500 சொற்களுக்குக் குறையாமல் எழுதி அனுப்ப வேண்டும், தவறினால் மேசையில் இடமில்லை என்ற உங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். சென்ற முறை நடந்தது உங்களுக்கும் நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

அந்தக் கேம்பெய்னுக்காக மூன்று இரவுகள் விழித்து ஆறு பக்கம் எழுதினேன். என் கதாபாத்திரம் ஒரு மாலுமியின் மகள். உப்பு ஏற்றிப்போன கப்பலோடு காணாமற்போன அண்ணன் விட்டுச்சென்ற, முனை உடைந்த மீன் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, எந்தத் துறைமுகத்தில் கால் வைத்தாலும் முதலில் கப்பல் பதிவேட்டைக் கேட்பவள். நான்காவது செஷனில் பாழடைந்த துறைமுகம் ஒன்று வந்தது. இதற்காகத்தானே காத்திருந்தேன் என்ற பரபரப்போடு, "என் அண்ணனின் கப்பலைப் பற்றி இங்கே யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். டன்ஜன் மாஸ்டர் திரைக்குப் பின்னால் தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்து, "உங்களுக்கு அண்ணன் இருக்கிறாரா?" என்றார். பிறகு பெரிய மனதோடு இருபது முகப் பகடையை உருட்டச் சொன்னார். 17 விழுந்தது, நல்ல எண்தான். அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்தவர் பக்கம் திரும்பினார்.

என் வேண்டுகோள் ஒன்றுதான்: எழுதச் சொன்னால் படியுங்கள், படித்ததில் ஓர் இழையையாவது ஆட்டத்துக்குள் கொண்டுவாருங்கள்.

ஐந்து பேர் எழுதினால் 7,500 சொற்கள். வரைபடமும் அரக்கர்களும் தயார்செய்யும் வேலைக்கு நடுவில் அத்தனையையும் படிப்பது கடினம் என்பது எனக்குப் புரிகிறது. படிக்க இயலாத அளவை நீங்களே நிர்ணயிப்பதுதான் புரியவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிநூல் குணம், இலட்சியம், பற்று, குறை என நான்கையும் கதாபாத்திரத்தின் விவரத் தாளான கேரக்டர் ஷீட்டிலேயே சில வரிகளில் எழுதச் சொன்னது. மேசையில் அமர்ந்தபடியே ஒரு பார்வையில் படித்துவிடலாம். 2024 பதிப்பு, அந்த நான்கையும் தேர்ந்தெடுக்க உதவிய அட்டவணைகளைக் கைவிட்டதும், விட்டுப்போன இடத்தை நாங்கள் கட்டுரையாக நிரப்ப வேண்டியதாயிற்று போலும். 1977இல் வெளிவந்த டிராவலர் என்ற விண்வெளிக் கதை விளையாட்டில் கதாபாத்திரத்தின் கடந்தகாலத்தைப் பகடையே தீர்மானிக்கும். ஆட்டம் தொடங்கும் முன்பே அது இறந்துபோகவும் கூடும். அதில் செத்தவர்களாவது ஆறு பக்கம் எழுதிவிட்டுச் சாகவில்லை. எங்கள் குழுவிலோ முன்கதை என்பது நுழைவுச்சீட்டாகிவிட்டது. வாசலில் கிழித்து வாங்கிக்கொள்கிறீர்கள், உள்ளே போனபின் அதற்கு மதிப்பில்லை.

கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருளுங்கள். வாராவாரம் ஊதியமின்றி எங்களுக்காக உழைக்கிறீர்கள் என்பதை மறக்கவில்லை. அரைப் பக்கம் போதும் என்று அறிவிப்பைத் திருத்துங்கள்: தேடும் ஆள் ஒருவர், தீராத கடன் ஒன்று, மறைக்கும் பொய் ஒன்று. அதை முதல் செஷனுக்கு முன் படித்துவிட்டு, ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் பேசுங்கள். அது இயலாதென்றால் முன்கதையே கேட்காதீர்கள், ஆடிக்கொண்டே கண்டுபிடித்துக்கொள்கிறோம். கேட்டால் மட்டும், தயவுசெய்து, படியுங்கள்.

திருத்தம் வரும்வரை விதி விதிதான் என்பதால், குறித்த நாளுக்குள் என் 1,500 சொற்களும் வந்துசேரும். இம்முறையும் அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு. முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மேசையின் ஆட்டக்காரர்களில் ஒருவர்