தணிக்கை வகுப்பெடுக்கப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். என் வாழ்த்தைச் சொல். இங்கே அனைவரும் நலம்.

பணியிடப் பாதுகாப்புத் தணிக்கையாளர்களுக்கு நீ வகுப்பெடுக்கப் போவது எனக்குப் பெரிய நிம்மதி. தொழிற்கூடத்தில் காலம் கழித்தவர்கள் இந்த வேலைக்கு வருவது குறைவு. பணியிடப் பாதுகாப்பு, உடல்நல மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 45001 பற்றிய வகுப்பை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடு. 1999-இல் வந்த பழைய தரநிலையான ஓஹெச்எஸ்ஏஎஸ் 18001, 2007-இல் திருத்தப்பட்டது. அதன் இடத்துக்கு 2018 மார்ச்சில் ஐஎஸ்ஓ 45001 வந்தது. நிறுவனங்கள் புதியதற்கு மாறிக்கொள்ள மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. பெருந்தொற்றால் அது 2021 செப்டம்பர் வரை நீண்டது. இதற்கு மேல் தேவையில்லை. பழைய தரநிலையில் ஊறியவர்கள் எந்தப் பிரிவு எங்கே போயிற்று என்று அட்டவணை கேட்பார்கள். கொடு. ஆனால் அந்த அட்டவணையிலேயே வகுப்பு முடிந்துவிடக் கூடாது.

நானாக இருந்தால் 5.4-ஆம் பிரிவில் தொடங்குவேன். தொழிலாளர்களைக் கலந்தாலோசிப்பதும் பங்கேற்கச் செய்வதும் அங்கேதான் இருக்கின்றன. நிர்வாகப் பொறுப்பில் இல்லாத தொழிலாளர்கள் எவற்றில் எல்லாம் சேர்க்கப்பட வேண்டும் என்பதை அது விரிவாகவே சொல்கிறது. ஆபத்துகளைக் கண்டறிவதில், கட்டுப்பாடுகளைத் தீர்மானிப்பதில், விபத்தை விசாரிப்பதில், ஏன், தணிக்கைத் திட்டத்தை வகுப்பதில்கூட அவர்கள் குரல் வேண்டும். எழுத்தறிவு, மொழி, பழிவாங்கப்படுவோமோ என்ற அச்சம், சொன்னதற்குப் பதிலே வராமை, இவை எல்லாம் அகற்றப்பட வேண்டிய தடைகள். பயிற்சிக்கு வருகிறவர்களோ பாதுகாப்புக் குழுக் கூட்டத்தின் வருகைக் கையொப்பத்தைப் பார்த்து 'சரி' போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் தொழிலாளி எதைக் கேட்டார், அது என்ன ஆயிற்று என்று தேட வேண்டாமா?

வகுப்பில் நான் கொடுக்கும் ஒரு பயிற்சியை நீயும் எடுத்துக்கொள். ஒரு விபத்து அறிக்கை. துளையிடும் இயந்திரத்தில் தொழிலாளியின் விரல் அடிபட்டது. காரணம்: கவனக்குறைவு. நடவடிக்கை: கையுறை வழங்கப்பட்டது, அறிவுரை கூறப்பட்டது, முடிந்தது. பெரும்பாலானவர்கள் அறிக்கையில் தேதி இருக்கிறதா, கையொப்பம் இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுக்கொள்கிறார்கள். சுழலும் துளைக்கருவியில் கையுறை சிக்கினால் கையையே உள்ளே இழுத்துவிடும்! கொடுத்த தீர்வே புதிய ஆபத்து. அதைக் கண்டதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அப்போது கட்டுப்பாடுகளின் வரிசையைச் சொல்லும் 8.1.2-ஆம் பிரிவைத் திற. முதலில் ஆபத்தையே அகற்று. முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்ததாக மாற்று. பிறகு காப்பு மூடி போன்ற பொறியியல் ஏற்பாடுகள். அதன் பிறகு பயிற்சி, நடைமுறை விதிகள். கையுறையும் தலைக்கவசமும் கடைசி. இந்த வரிசையை எல்லோரும் ஒப்பிப்பார்கள். அறிக்கையில் அது தலைகீழாகக் கிடக்கும்போது அடையாளம் காண்பதுதான் கடினம். கவனக்குறைவு என்ற சொல்லோடு விசாரணை நின்றுபோன எந்த அறிக்கையையும் நான் ஏற்க மாட்டேன். உன் மாணவர்களும் ஏற்கக் கூடாது.

அடுத்து, கேள்வி கேட்கும் பயிற்சி. இதற்கு நிறைய நேரம் ஒதுக்கு. ஒருவரை இரவுப் பணி ஒப்பந்தத் தொழிலாளியாக நடிக்கச் சொல். 'பாதுகாப்புக் கொள்கை தெரியுமா?' என்று கேட்டால் கிளிப்பிள்ளை போல ஒப்புவிப்பார். 'இயந்திரத்தில் பொருள் சிக்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்கட்டும். மின்சாரத்தைத் துண்டித்து, வேறு யாரும் திரும்பப் போட முடியாதபடி பூட்டுப் போடுகிறாரா, ஓடும்போதே கையை விடுகிறாரா என்பது அப்போது தெரியும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் வேலையை விட்டு விலகலாம், அதற்காக அவருக்குப் பாதிப்பு வரக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று 7.3 சொல்கிறது. அதையும் கேட்கட்டும். மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்கும்போது கேட்டுப் பயனில்லை. அவரை நயமாக அப்பால் அனுப்பத் தெரிவதும் தணிக்கைத் திறன்தான். ஒப்பந்தத் தொழிலாளிகளைப் பலரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஒப்பந்ததாரர்களைப் பற்றியும் பேசும் 8.1.4-ஆம் பிரிவை அழுத்திச் சொல்.

2024-இல் வந்த திருத்தத்தையும் விட்டுவிடாதே. பருவநிலை மாற்றம் தங்களுக்குப் பொருந்தும் விஷயமா என்று நிறுவனம் தீர்மானிக்க வேண்டும். 'பொருந்தாது' என்று ஒற்றை வரி எழுதியிருந்தால், வெயிலில் கூரை மேல் வேலை பார்ப்பவரைப் போய்ப் பார்க்கச் சொல். மனநலம் சார்ந்த ஆபத்துகளுக்கு 2021-இல் வந்த ஐஎஸ்ஓ 45003 இருக்கிறது. அது வழிகாட்டிதான், சான்றிதழுக்கானது அல்ல. அதை வைத்து இணக்கமின்மை, அதாவது தரநிலைக்கு ஒத்துவரவில்லை என்ற குறை, எழுதக் கூடாது. ஆனால் 45001-இன் ஆபத்தைக் கண்டறியும் பிரிவிலேயே பணிச்சுமை, வேலை நேரம், துன்புறுத்தல் எல்லாம் வருகின்றன. அங்கே பிடி.

பாதுகாப்பான, உடல்நலத்துக்கு உகந்த பணிச்சூழலை 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. இதை முதல் நாளே சொல்லிவிடு. சான்றிதழை நிறுவனம் வாங்குகிறது. அந்த உரிமை தொழிலாளியுடையது. தணிக்கைக்குப் போகிறவர் இதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் அவர் கேட்கும் கேள்விகளே மாறிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தேர்வை எப்படி வைக்கப் போகிறாய்? எழுத்துத் தேர்வு மட்டும் போதாது, ஒரு தொழிற்கூடத்துக்கு அழைத்துச் சென்று அங்கேயே மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. உன் நிர்வாகம் சம்மதிக்குமா என்று கேட்டு எழுது. துளையிடும் இயந்திரத்தின் அறிக்கையை இத்துடன் அனுப்புகிறேன்; உன் வகுப்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்.

அன்புடன்,
உன் பழைய தோழன்