முருகேசனுக்கு, யாழினி கேட்ட பீக்கன் பற்றி

அன்புள்ள முருகேசா,

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மா கண் ஆபரேஷன் முடிந்து மறுபடியும் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். கார்த்திகைக்கு நீ வந்தே ஆக வேண்டும் என்று உன் தங்கச்சி சொல்லச் சொன்னாள். நம் பாய்க்கும் அதே கடை, அதே ஸ்டூல். சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிடா, சரிடா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் உன் மகள் யாழினி ஒத்தக்கடைக்கு வந்திருந்தாள். ஜனவரியில் நாலு கூட்டாளிகளோடு காஷ்மீரில் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்கு போகிறாள் அல்லவா? கோண்டோலா என்ற கம்பிவட வண்டியில் அபர்வத் மலைமேல் ஏறி, ரோந்துக்காரர்கள் பார்த்துக்கொள்ளும் சரிவை விட்டு வெளியேயும் சறுக்கி இறங்குவார்களாம். அதற்குப் பனிச்சரிவு பீக்கன், அதாவது பனியில் புதைந்தவரைத் தேடும் சின்ன ரேடியோ செட் வேண்டும், பழைய செட் ஒன்று மலிவாக வருகிறது, பார்த்துச் சொல்லுங்கள் மாமா என்றாள். முப்பதாயிரம் நாற்பதாயிரத்துக்குப் பொம்மையா என்று நீ கத்தினாயாமே!

மாப்ளே, அந்தப் பொம்மையின் அலைவரிசை என்ன தெரியுமா? 457 கிலோஹெர்ட்ஸ். புதூர் ஐ.டி.ஐ.யில் நீயும் நானும் ரேடியோவுக்குள் இருக்கும் ஐ.எஃப். காயிலைத் திருகித் திருகி 455-இல் நிறுத்தினோமே, அதற்குப் பக்கத்து வீடு. உலகத்தில் எந்தக் கம்பெனி செட்டாக இருந்தாலும் இந்த ஒரே அலைவரிசைதான். சுவிஸ்காரன் செட்டை அமெரிக்கக்காரன் செட் கண்டுபிடிக்கும். மலையில் இருக்கும்வரை எல்லோருடைய செட்டும் நொடிக்கு ஒரு துடிப்பு என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்துவிட்டால் மற்றவர்கள் தேடும் நிலைக்கு மாற்றி, அம்புக்குறியையும் தூரத்தையும் பார்த்து அவரை நோக்கிப் போவார்கள்.

உள்ளே இருப்பது நம் பழைய டிரான்சிஸ்டரில் இருந்த ஃபெரைட் ஆன்டெனாவேதான். இலங்கை வானொலி கேட்க உங்கள் மாடியில் டிரான்சிஸ்டரை எத்தனை பக்கம் திருப்பியிருப்போம்! ஒரு திசையில் கணீரென்று வரும், கொஞ்சம் திருப்பினால் செத்துப்போகும். பனிக்குள் புதைந்தவர் எப்படிக் கிடக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று ஆன்டெனா வைக்கிறார்கள். மூன்றாவது இல்லாத பழைய செட், ஆழத்தில் கிடப்பவருக்கு நேர் மேலே நின்றாலும் உச்சத்தை இரண்டு இடத்தில் காட்டி ஏமாற்றும். தோண்ட வேண்டிய இடம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும். யாழினி பார்த்து வைத்திருந்தது அந்த ரகம். பழசாக ஆக அலைவரிசையும் நகரும். இப்போதைய தரவிதி 80 ஹெர்ட்ஸுக்கு மேல் நகர விடுவதில்லை. அதைத் தாண்டி நகர்ந்ததைப் புது டிஜிட்டல் செட் பிடிக்காமலே போகலாம். பழையது வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

புதியதில் எது? மம்முட் பேரிவாக்ஸ், ஆர்டோவாக்ஸ், ஆர்வா, பிசிஏ டிராக்கர் என்று நாலைந்து பெயர் சொன்னாள். பட்டன் குறைவாக இருப்பதை வாங்கு என்றேன். கையுறை போட்ட கையால், பயத்தில் நடுங்கிக்கொண்டு இயக்க வேண்டிய சாதனம் அது. மூன்று ஆன்டெனா, கண்டுபிடித்தவரைக் குறித்துவிட்டு அடுத்தவரைத் தேடும் வசதி, தானாக மாறிவிடாத சுவிட்ச், இவை போதும். எழுபது மீட்டர் எட்டும், நாற்பது மீட்டர் எட்டும் என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. கடைசி மூன்று மீட்டரில்தான் நேரம் ஓடிப்போகிறது. அங்கே செட்டைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, திருப்பாமல், குறுக்கும் நெடுக்குமாக நகர்த்தி, எண் எங்கே குறைவாக வருகிறது என்று பார்க்க வேண்டும். அப்புறம் நீளக் குச்சியால் குத்திப் பார்த்து, தட்டுப்பட்டதும் குச்சியை உருவாமல் தோண்ட வேண்டும். குச்சியும் உலோக மண்வாரியும் இல்லாமல் பீக்கன் மட்டும் இருந்து பயனில்லை.

பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரைமணி தாண்டினால் பலர் மூச்சு முட்டியே போய்விடுகிறார்கள். மீட்புப் படை வரும்வரை காத்திருக்க முடியாது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் புதைந்தது நினைவிருக்கிறதா? நம் மாவட்டத்துப் பையனும் அதில் ஒருவர். ஆறு நாள் கழித்து அவர்களில் ஹனுமந்தப்பா என்பவரை உயிரோடு எடுத்தார்கள், ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. பிப்ரவரி 11-இல் அவரும் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க நான் கடையில் டி.வி.யை அணைக்கவே இல்லை.

அதனால் முருகேசா, யாழினியைக் காப்பாற்றப் போவது அவள் கழுத்தில் தொங்கும் செட் மட்டும் இல்லை, கூட வருகிறவன் கையில் இருக்கும் செட்டும் அதை இயக்கத் தெரிந்த கையும். ஐந்து பேரிடமும் இருக்க வேண்டும். தினமும் காலையில் ஒருவர் தேடும் நிலையில் நின்று மற்ற நாலு பேரும் அனுப்புகிறார்களா என்று சோதிக்காமல் கிளம்பக் கூடாது. செல்போனை 20 செ.மீ. தள்ளியே வைக்க வேண்டும், தேடும்போது 50 செ.மீ. பேட்டரி நல்ல அல்கலைன். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் அளவு காட்டுவது தப்பாகிவிடும், திடீரென்று படுத்துவிடும். சண்டிகரில் இருந்து ராணுவ ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது, அதைப் பார்த்துவிட்டுத்தான் மலையேற வேண்டும். எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிள்ளை கெட்டிக்காரி, நான் சொல்லும்முன்பே பாதி தெரிந்து வைத்திருந்தாள். உன்னிடம் பேசத்தான் பயப்படுகிறாள்.

பணத்தை இந்த வாரமே அனுப்பிவிடு. முழுதும் முடியாவிட்டால் பாதி நான் தருகிறேன், அவள் எனக்கும் மகள்தான். செட் வந்ததும் அந்த நாலு பேரையும் இங்கே கூட்டி வரட்டும். யானைமலை அடிவாரத்தில் மின்கம்பி எதுவும் போகாத தரிசு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வைக்கோலுக்குள் ஒரு செட்டை ஒளித்துவைத்து, கடிகாரம் பிடித்துத் தேடவிடப் போகிறேன். நீயும் வா. ஐ.டி.ஐ.யில் சுப்புராயன் சார் கையால் மார்க் வாங்கியவன் எத்தனை நிமிடத்தில் கண்டுபிடிக்கிறான் என்று பார்க்கிறேன். வரும்போது என் மல்டிமீட்டரைக் கொண்டு வா, அது இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
பாண்டி