பிரேக்குக்கு ஏர் ஏறியதும் வண்டியை எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் தெருவில் அதிகாலை நாலரை மணிக்கே இரண்டு மூன்று லாரிகளை ஸ்டார்ட் பண்ணி விட்டுவிட்டு டிரைவர்கள் டீக்கடைக்குப் போய்விடுகிறார்கள். அரை மணி நேரம் வண்டி நின்ற இடத்திலேயே ஓடுகிறது. எதிர்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அந்தப் பெண் சன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி அடைக்கிறார். கேட்டால், "எஞ்சின் சூடாகணும்மா, இல்லைன்னா வண்டி கெட்டுப் போயிடும்" என்று பதில் வருகிறது. லாரிக்காரனான நானும் பல வருடம் இதையே சொன்னவன். அதனால்தான் எழுதுகிறேன்.

1996-ல் நான் கிளீனராக ஏறியபோது என் குரு சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான். அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. அப்போது ஊற்றிய நாற்பதாம் நம்பர் எஞ்சின் ஆயில், மார்கழிக் குளிரில் கெட்டியாக நிற்கும். எஞ்சினின் மேல்பாகம் வரை ஏற நேரம் எடுக்கும். இன்றைக்கு ஊற்றுகிற, குளிரிலும் இளகி ஓடும் 15டபிள்யூ-40 ஆயில் சில விநாடிகளில் ஏறிவிடுகிறது. ஆயில் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

சொந்த வண்டி வாங்கி நான்காம் வருடம், ஆயில் பார்க்கும் குச்சியை உருவினேன். அளவு குறைவதற்குப் பதில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. மெக்கானிக் அண்ணன் குச்சி நுனியை இரண்டு விரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய், என் பக்கம் நீட்டினார். டீசல் வாடை. ஆயில் தண்ணீராகச் சொட்டியது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிப் பார்த்தார், அதில் கோளாறு இல்லை. "காலையில எவ்வளவு நேரம் ஸ்டார்ட்ல விடுறே?" என்று மட்டும் கேட்டார். ஐடிலிங்கில், அதாவது நின்ற இடத்தில் ஓடும்போது, டீசல் எஞ்சின் சரியாகச் சூடேறாது. எரியாத டீசல் பிஸ்டன் ஓடும் லைனர் சுவரில் வழிந்து, பிஸ்டன் ரிங் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். எஞ்சினை இறக்கினால் பேரிங் தேய்ந்து, லைனரில் கோடு விழுந்திருந்தது. மூன்று வாரம் வண்டி பட்டறையில் நின்றது.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். ஸ்டார்ட் பண்ணியதும் ஆயில் லைட் அணைகிறதா என்று பார்ப்பேன். பிரேக்குக்கான காற்றழுத்தம், அதாவது ஏர், ஆறு, ஏழு கிலோ ஏறும்வரை டயர், லைட், கயிறு பார்ப்பேன். ஏர் ஏறாமல் பிரேக் விடாது, ஆகவே அந்த இரண்டு மூன்று நிமிடம் எப்படியும் வேண்டும். ரேஸ் கொடுக்க மாட்டேன். பிறகு முதல் நாலைந்து கிலோமீட்டர் இழுக்காமல், மெதுவாக ஓட்டுவேன். ஓட்டத்தில்தான் எஞ்சின், கியர்பாக்ஸ், பின்அச்சின் கிரௌன் எல்லாமே சூடாகும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியான வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். சைலன்சர் சூடு ஏறாவிட்டால் புகைக்குழாயில் உள்ள பில்டரில் கரி எரியாமல் சேரும், புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியாக் கரைசலும் வேலை செய்யாது. டேஷ்போர்டில் லைட் எரிந்து, வண்டி இழுவை குறைந்து, நடுவழியில் நிற்பது நம் டிரைவர்தான்.

காத்திருக்க வேண்டியது வண்டியை நிறுத்தும்போது. லோடோடு மலையேறி வந்ததும் சாவியைத் திருப்பினால் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும், கொதிக்கிற டர்போவுக்கு ஆயில் நின்றுவிடும். அங்கே இரண்டு நிமிடம் ஐடிலிங் விடுங்கள்.

குளிர்நாட்டுக் கதை வேறு. ஜனவரியில் ஆப்பிள் லோடுக்காக காஷ்மீர் காசிகுண்டில் நின்றபோது, சமவெளியில் அடித்த டீசல் மெழுகாக உறைந்து டீசல் பில்டரை அடைத்துவிட்டது. பஞ்சாப் டிரைவர் ஒருவர் சாக்கைச் சுற்றி வெந்நீர் ஊற்றிக் கிளப்பிவிட்டார். அங்கே பொறுத்துத்தான் எடுக்க வேண்டும். நாமக்கல்லில் மார்கழியிலும் அந்தக் குளிர் கிடையாது.

என் வண்டியில் டேங்கை நிரப்பி அளந்து பார்த்தேன். அரை மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் போகிறது. பணம் நம்முடையது, புகை அடுத்த வீட்டுக்காரருடையது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது.

லாரி உரிமையாளர் சங்கங்களும் பட்டறைக்காரர்களும் புது டிரைவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வண்டியை ஓடவிட்டுவிட்டு டீக்கடையில் உட்காரும் நேரத்தில் தம்பிமார்கள் கையில் இருப்பது உங்கள் பேப்பர்தான். நாளைக் காலையே அவர்கள் கண்ணில் இது பட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு லாரி ஓட்டுநர்,
நாமக்கல்.