போர்ட்டோ ஜோஃப்ரேயிலிருந்து அப்பாவுக்கு

போர்ட்டோ ஜோஃப்ரே, பிரேசில்
செப்டம்பர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போனில் நான் பேசுவது உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று தம்பி சொன்னான். போன தடவை நான் 'ஓன்சா' என்றதை நீங்கள் 'பஞ்சா' என்று கேட்டு, தலையணைக்குப் பஞ்சு எதுக்கு என்று விசாரித்தீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். தம்பியைப் படித்துக் காட்டச் சொல்லாதீர்கள், அவன் பாதியை விழுங்கிவிடுவான். கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்களே படியுங்கள்.

"சிறுத்தையைக் காட்டத்தான் போனேன்னா அவ்வளவு தூரம் எதுக்கு, மசினகுடியிலேயே இருக்கே" என்று கேட்டீர்கள். அப்பா, இது நம் சிறுத்தை இல்லை. ஜாகுவார். இங்கே ஓன்சா பிந்தாடா என்பார்கள், புள்ளி போட்ட ஓன்சா. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். நானே முதல் வாரம் "லெப்பர்ட், லெப்பர்ட்" என்று கத்திப் படகில் இருந்தவர்கள் சிரிக்கும்படி ஆயிற்று. நம் சிறுத்தையின் வளையத்துக்குள் ஒன்றும் இருக்காது. இதன் வளையத்துக்குள் ஓரிரு கரும்புள்ளிகள், கோலத்து நடுவே புள்ளி வைத்தமாதிரி. கால் குட்டை, தலை பெரிது, கழுத்து எருதுக் கழுத்து. இந்தப் பக்கத்து ஆண் 100 கிலோவைச் சாதாரணமாகத் தொடும். அப்புறம், நம் சிறுத்தை தொண்டையைக் கவ்வி மூச்சை அடக்கும் இல்லையா, இது பின்மண்டையைக் கடித்து எலும்பையே உடைத்துவிடும். ஜகரே என்று இங்கே ஒரு முதலை இனம், மாயாற்று முதலையைவிடச் சின்னது, கரையெல்லாம் விறகுபோலக் கிடக்கும். அதைத் தண்ணீருக்குள் பாய்ந்து தூக்கிக்கொண்டு வருகிறது. நம் சிறுத்தை இரையை மரத்துக்கு மேலே ஏற்றும், இது ஆற்றிலிருந்து மேலே இழுக்கும். அவ்வளவு பலம்.

நான் இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். பந்தனால் என்பது ஒரு பெரிய சதுப்பு நிலம். பிரேசில், பொலிவியா, பராகுவே மூன்று நாட்டிலும் பரவி, நம் தமிழ்நாட்டைவிடப் பெரிதாகக் கிடக்கிறது. குயாபா நகரத்திலிருந்து தெற்கே வந்தால் போகோனே என்ற சின்ன ஊர். அங்கிருந்து டிரான்ஸ்பந்தனேய்ரா என்று ஒரு மண் சாலை, 145 கிலோமீட்டர் சொச்சம். உங்களுக்கு இந்தச் சாலை பிடிக்கும் அப்பா. நூற்றுக்கும் மேல் பாலங்கள், நிறைய மரப்பாலங்கள், பலகை மேல் வண்டி ஏறும்போது கடகடவென்று சத்தம். 1970களில் போட ஆரம்பித்தார்களாம். தெற்கே கொரும்பா வரை கொண்டுபோவதாகத் திட்டம். ஆற்றங்கரை வந்ததும் நின்றுவிட்டது. சாலை நின்ற இடம்தான் போர்ட்டோ ஜோஃப்ரே. ஒரு பஸ் இல்லை, ஒரு டீக்கடை இல்லை. டீக்குப் பதிலாகத் தெரெரே என்று ஒரு பச்சிலையைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, ஒரே குழலில் எல்லோரும் மாற்றி மாற்றி உறிஞ்சுகிறார்கள். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

ஜூலையிலிருந்து அக்டோபர் வரைதான் நல்ல சீசன். மழை நின்று தண்ணீர் வற்ற வற்ற மிருகங்கள் ஆற்றோரம் ஒதுங்குகின்றன, ஓன்சாவும் கூடவே வருகிறது. காலை ஆறு மணிக்குப் படகு எடுப்போம். படகோட்டிக்கு அறுபது வயசு. அவரை நான் தமிழில் அண்ணன் என்றே கூப்பிடுகிறேன், அவருக்கும் பழகிவிட்டது. அவர் ஓட்டுவார், நான் விருந்தினர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வேன். மழைக்காலத்தில் வேலை இருக்காது, குயாபாவில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் சமாளிக்கிறேன். அங்கே தெருவுக்குத் தெரு மாமரம். மாங்காயை இவர்களும் 'மங்கா' என்றுதான் சொல்கிறார்கள், போர்ச்சுகீசியர் நம் பக்கத்துக் கரையிலிருந்து எடுத்துப்போன சொல். உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்கிற ஆள் மட்டும் நான் ஒருத்திதான்.

இன்னொன்று கேளுங்கள். வழியெல்லாம் பண்ணைகளில் வெள்ளை மாடுகள், திமில் வைத்து. இனத்தின் பெயர் நெலோரி. நம் நெல்லூர்தான்! அந்தக் காலத்தில் கப்பலில் வந்த ஓங்கோல் மாட்டு வம்சம், இன்று பிரேசிலின் கறி மாடுகளில் பெரும்பகுதி அதுதான். இந்த மாடுகளால்தான் ஓன்சாவுக்கும் பண்ணைக்காரர்களுக்கும் பழைய பகை. கன்றை அடித்துவிட்டால் நாயை விட்டுத் துரத்திச் சுடுவார்கள். தோலுக்காகவும் ஏராளமாகச் சுட்டார்கள். 1967இல் வேட்டைக்குத் தடை வந்தும் உடனே நின்றுவிடவில்லை. அண்ணனின் அப்பாவே வேட்டைக்குப் போனவர்தான். இப்போது அண்ணன் அதே மிருகத்தைக் காட்டிப் பிழைக்கிறார். 2017இல் வந்த ஓர் ஆய்வில் கணக்குப் போட்டிருக்கிறார்கள்: இந்தப் பக்கத்தில் ஓன்சாவைக் காட்டி வருஷத்துக்கு ஏறக்குறைய 68 லட்சம் டாலர் வருமானம், அது மாட்டை அடிப்பதால் வரக்கூடிய நஷ்டம் 1.2 லட்சம் டாலர். ஆனால் வருமானம் போவது விடுதிக்கு, நஷ்டம் போவது மாட்டுக்காரனுக்கு. நம் ஊரில் யானை மிதித்த வாழைத்தோட்டத்துக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, குறையையும் சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லாம் ரேடியோதான். ஒரு படகுக்காரர் ஓன்சாவைப் பார்த்தால் ரேடியோவில் சொல்வார். அவ்வளவுதான், ஆறு முழுக்க இன்ஜின் சத்தம். கால் மணி நேரத்தில் இருபது படகு வரிசை கட்டி நிற்கும், ஆளுயர லென்ஸோடு. ஓன்சா கொட்டாவி விட்டுக்கொண்டு படுத்திருக்கும், அதற்குப் பழகிவிட்டது. எனக்குத்தான் பழகவில்லை. "காட்டில் தேடிக்கிட்டுப் போகாதே, கேட்டுக்கிட்டுப் போ" என்று ஜீப்பில் முன்சீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தீர்களே, இங்கே அதற்கு வேலையே இல்லை என்று நினைத்திருந்தேன்.

விருந்தினர்களும் ஓன்சா ஒன்றுக்காகத்தான் வருகிறார்கள். போன மாதம் இரவு வண்டியில் போகும்போது ஆன்டா, ஆங்கிலத்தில் டேபிர் என்பார்கள், ஒன்று எதிரே வந்தது. தென் அமெரிக்காவிலேயே பெரிய தரை மிருகம், 200 கிலோவுக்கு மேல் இருக்கும், குட்டைத் தும்பிக்கைபோல மூக்கு. குட்டி வயிற்றில் பதின்மூன்று மாதம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பினால், வண்டியில் மூன்று பேர் தூக்கம், ஒருவர் போனில் பகலில் எடுத்த ஓன்சாவைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். கொடி வால் எறும்புதின்னியும் அப்படித்தான். வால் உண்மையிலேயே கம்பத்துக் கொடிபோல, நாக்கு மட்டும் இரண்டு அடி. எனக்குப் பிடித்தது ஆற்று நீர்நாய்தான். மாயாற்றில் பார்த்தோமே, அதைவிட ரொம்பப் பெரியது. மூக்கு முதல் வால் நுனி வரை உங்கள் உயரம் வரும். குடும்பமாகச் சண்டை போட்டுக்கொண்டே மீன் தின்னும். ஒவ்வொன்றுக்கும் தொண்டையில் வெள்ளைத் திட்டு வேறு வேறு வடிவம், அதை வைத்துத்தான் அடையாளம்.

2020இல் பெரிய தீ வந்து இந்த ஆறுகள் கூடும் இடத்துப் பூங்காவில் 80 சதவீதத்துக்கு மேல் எரிந்துபோனது. நான் வருவதற்கு முந்தைய கதை. பாதம் வெந்துபோன ஓர் ஆண் ஓன்சாவைப் பிடித்துப்போய்க் கட்டுப்போட்டுக் காப்பாற்றி, சில வாரங்களில் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட்டார்கள். ஓசாடோ என்று பெயர், துணிச்சல்காரன் என்று அர்த்தம். அந்தத் தீயைப் பற்றிக் கேட்டால் மட்டும் அண்ணன் பேச்சை மாற்றிவிடுவார்.

கடிதம் எழுதத் தூண்டியதே போன செவ்வாய்க்கிழமை நடந்த விஷயம். படகில் ரேடியோ இறந்துவிட்டது. ஒரு வயதான தம்பதி விருந்தினர்கள், மூன்று நாள் மட்டும் வந்தவர்கள், அன்று கடைசி நாள், இன்னும் ஓன்சா சரியாகப் பார்க்கவில்லை. அண்ணன் திரும்பிப் போகலாம் என்றார். நான் இன்ஜினை அணைக்கச் சொன்னேன். கிளை ஆறு ஒன்றில் படகு தானாக மிதந்தது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். அந்த அம்மாள் வாட்ச்சைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் ஒரு சத்தம். கபிவாரா. ஆடு அளவு எலி என்று நான் போனில் சொன்னேனே, அது. அபாயம் என்றால் நாய்போல ஒற்றைக் குரைப்பு குரைக்கும். இன்னொன்று பதில் குரைத்தது. வளைவைத் தாண்டினால் கபிவாராக் கூட்டம் மொத்தமும் கழுத்தளவு தண்ணீரில், எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பி. புள்ளிமான் கூட்டம் ஒரே புதரைப் பார்த்து நிற்குமே, அப்படியே. நான் அந்தப் புதரைக் காட்டி, "அங்கே" என்றேன். எனக்கே நம்பிக்கை பாதிதான்.

ஏழு நிமிஷம் கழித்து வெளியே வந்தது. பெண். நனைந்த வயிறு. எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, கரையோரமாகவே நடந்து, எங்களைத் தாண்டிப் போய்விட்டது. இருபது படகு இல்லை, நாங்கள் நாலு பேர் மட்டும். அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டு, இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். என் அப்பா ஜீப் ஓட்டினார் என்றேன். தலையாட்டினார், அதற்கு மேல் கேட்கவில்லை.

நேற்று ரேடியோவைச் சரிசெய்துவிட்டார்கள்.

பணம் இந்த மாதமும் தம்பி கணக்குக்கு அனுப்பியிருக்கிறேன். காது மிஷினுக்குத்தான் அது, கூரை ஓட்டுக்கு இல்லை. கபிவாரா குரைப்பை மொபைலில் பதிவு செய்து தம்பிக்கு அனுப்புகிறேன். மிஷின் வந்ததும் மாட்டிக்கொண்டு கேளுங்கள். இரண்டாவது குரைப்பு கொஞ்சம் தள்ளி, இடது பக்கத்திலிருந்து வரும்.

உங்கள்
பெரியவள்