டாலியில் ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் போதாது

ஆசிரியருக்கு,

2024 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூரர்கள் விசா இல்லாமல் 30 நாள்வரை சீனாவில் தங்கலாம். விடுமுறைக்கு யுன்னான் மாநிலத்தின் டாலி நகருக்குச் செல்லும் சைவர்கள் பெட்டி நிறைய நூடல்ஸ் பொட்டலங்கள் கட்டிக்கொள்ள வேண்டாம். எதில் என்ன கலக்கிறது என்று தெரிந்தால் போதும்.

எர்ஹாய் ஏரிக்கரையில் வாழும் பாய் இனத்தவருக்குப் பால் பழக்கமான உணவு. புளித்த நீரைச் சூடாக்கி, அதில் பாலை ஊற்றிக் கிளறி, திரண்டதை இழுத்து மூங்கில் கழிகளில் சுற்றிக் காயவைப்பார்கள். அதுதான் ரூஷான் என்ற பாலாடைக்கட்டி. தெருக்கடையில் கரி நெருப்பில் வாட்டும்போது கொப்புளம் கொப்புளமாக உப்பும். உடனே ரோஜா ஜாம் தடவிக் குச்சியில் சுருட்டித் தருவார்கள். சூட்டோடு சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் தோல்போல் இழுக்கும்.

ஏமாறக்கூடியது ஷீஜோ ஊரின் பாபா ரொட்டியில்தான். மேலும் கீழும் கரி நெருப்பு வைத்துச் சுடுவது. ரோஜா இனிப்பு வைத்த ரொட்டியில் இறைச்சி இருக்காது, ஆனால் மாவு அடுக்கடுக்காகப் பிரிவதற்குப் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பையே தடவுவார்கள். எர்ஸ் நூடல்ஸ் வெறும் அரிசிதான், சாறு எலும்பில் கொதித்தது. ஆகவே பன்றிக் கொழுப்பு, எலும்புச் சாறு, கோழித்தூள் மூன்றும் வேண்டாம் என்று சீன எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுச் சீன நண்பரே எழுதித் தருவார். முஸ்லிம்கள் ‘சிங்ஜென்’ (ஹலால்) பலகையுள்ள கடைகளைத் தேடலாம். அங்கு மாட்டிறைச்சி அதிகம் என்பதை இந்துக்கள் நினைவில் கொள்ளவும்.

குன்மிங்கிலிருந்து விரைவு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். டாலி நிலையம் புதிய நகரப் பகுதியான ஷியாகுவானில் இருக்கிறது. பழைய நகரம் அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே என்பதால், நிலையத்தை ஒட்டி அறை எடுத்தால் தினமும் அலைச்சல்தான். பழைய நகரத்தை அடுத்துள்ள ‘மூன்று கோபுரங்கள்’ என்ற பௌத்தக் கோபுரங்களைக் காலையில் பாருங்கள். மேற்கே சாங்ஷான் மலை நிற்பதால் மாலை வெயில் சீக்கிரம் மறைந்துவிடும். நடுக்கோபுரம் 69 மீட்டர், அன்று இப்பகுதியை ஆண்ட நான்ஜாவ் அரசு 9ஆம் நூற்றாண்டில் கட்டியது.

ஜூனில் போனால் காட்டுக் காளான் காலம். சில வகைகள் வேகாவிட்டால் வாந்தியும் மனமயக்கமும் வரும். டாலி ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம், தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அதனால் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். கடைக்காரர் சொல்லும் நேரம் முடியும்வரை சட்டியில் கரண்டி போடாதீர்கள்.

வாசகர்,
ஈசூன்